போலிஸ் வண்டியாக ஓடிய காரை வாங்கலாமா? சிங்கப்பூரில் முதல்முறை பழைய கார் பார்ப்பவர்களுக்கு

‘கழிவு செய்யப்பட்ட காவல்துறை வாகனங்கள் பொது ஏலம்’ என்ற அறிவிப்பைத் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கும் ஜீப்புகளையும் மோட்டார் சைக்கிள்களையும் முன்பணம் கட்டி ஏலம் எடுத்து, பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து ஓட்டுகிற ஒருவராவது எல்லா ஊரிலும் இருப்பார். சிங்கப்பூருக்கு வந்து கார் விலையைப் பார்த்து மலைத்துப்போன பிறகு அந்த நினைவு வருவது இயல்புதான். ‘இங்கேயும் போலிஸ் கார்களை விற்பார்களாமே, பராமரிப்பு நன்றாக இருக்குமே, இன்ஜினும் பலமாக இருக்குமே’ என்று கேட்காத புதியவர் குறைவு.

அந்த வழியில் இங்கே கார் வாங்க முடியும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆனால் போலிஸ் காரை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று தெரிந்தவர், ஊபியிலும் சின் மிங்கிலும் நிற்கிற எந்தப் பழைய காரிடமும் ஏமாற மாட்டார். அதனால் முதலில் போலிஸ் காரையே திறந்து பார்த்துவிடுவோம்.

போலிஸ் காரில் எதை மாற்றுகிறார்கள்

துரத்திப் பிடிக்க வேண்டுமே, அதற்காக இன்ஜினை முறுக்கேற்றியிருப்பார்கள் என்பது பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் அப்படி இல்லை. நம் குடியிருப்புப் பேட்டைகளைச் சுற்றி வந்த சுபாரு இம்ப்ரேசா, செவர்லே க்ரூஸ், ஹூண்டாய் வண்டிகள் எல்லாம் கடையில் விற்ற அதே இனம்தான். மாற்றங்கள் வேறு இடங்களில் நடக்கின்றன.

இதற்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஃபோர்ட் கிரவுன் விக்டோரியா. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 வரை தயாரானது. அதே 4.6 லிட்டர் வி8 இன்ஜின்தான் பொதுமக்களுக்கு விற்ற காரிலும் இருந்தது. போலிஸுக்குப் போன வண்டியில் இன்ஜின் ஆயிலைக் குளிரவைக்கத் தனி அமைப்பு, கனமான ஸ்பிரிங், நிறுத்தி வைத்த நிலையிலும் விளக்கு, வானொலி, கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெரிய ஆல்டர்னேட்டர், அளவு சரிபார்த்த வேகமானி, எஃகுச் சக்கரம் ஆகியவை இருந்தன. முன் இருக்கைக்குத் துணி, பின் இருக்கைக்குக் கழுவித் துடைக்கிற வினைல். பின் கதவு உள்ளிருந்து திறக்காது, ஜன்னலும் இறங்காது. மிச்சிகன் மாநிலக் காவல்துறை ஆண்டுதோறும் ரோந்துக் கார்களை ஓட்டப்பாதையில் ஓட்டி, வேகத்தை மட்டுமல்லாமல் பிரேக் பிடிக்கும் திறனையும் அளந்து வெளியிடுகிறது. போலிஸ்காரர்கள் எதைப் பார்த்து வண்டி வாங்குகிறார்கள் என்பது அதிலேயே தெரிகிறது: சூடானாலும் சளைக்காத பிரேக், வெப்பத்தைத் தாங்கும் இன்ஜின், தடையில்லாத மின்சாரம்.

இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். வண்டி கைமாறும்போதும் கூடவே வரும். வாங்குபவருக்குத் தலைவலி தருவது ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு பொருத்தியவை. கூரையில் விளக்குப் பட்டை, பின் மூடியில் ஆன்டெனா, முகப்புப் பலகையில் கணினித் திரை, வண்டி எண்ணைப் படிக்கும் கேமரா, முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையில் தடுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி. பணிக்காலம் முடிந்ததும் கருவிகளைக் கழற்றிக்கொள்வார்கள். துளைகள் வண்டியோடு தங்கிவிடும். கூரைத் துளையை ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தால், முதல் பெருமழை வரைதான் அதற்கு ஆயுள். பாதியில் வெட்டி விட்ட கம்பி, முகப்புப் பலகைக்குள் எங்கேயோ உரசிக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் காலை பேட்டரி செத்துக் கிடக்கும்போது அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பட்டறைக்காரருக்கே பெரும்பாடு.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரோந்து வண்டி ஓடுகிற நேரத்தைவிட, இன்ஜின் அணையாமல் நிற்கிற நேரம் அதிகம். நிற்கிற வண்டியில் கிலோமீட்டர் ஏறாது. ஆனால் இன்ஜின் தேய்ந்துகொண்டேயிருக்கும், ஆயில் கெட்டுக்கொண்டேயிருக்கும். ஃபோர்ட் நிறுவனமே ஒரு மணி நேரம் நின்ற நிலையில் இன்ஜின் ஓடுவதை ஏறத்தாழ 33 மைல் பயணத்துக்குச் சமமாகக் கணக்கிடுகிறது. நம் கணக்கில் 53 கிலோமீட்டர்.

ஒரு கார் 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, அதோடு 2,000 மணி நேரம் நின்றபடி இன்ஜின் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,000 மணி நேரம் 106,000 கிலோமீட்டருக்குச் சமம். உங்கள் கையில் இருப்பது 90,000 கிலோமீட்டர் கார் அல்ல, இரண்டு லட்சத்தை நெருங்கும் இன்ஜின். அமெரிக்காவில் போலிஸ் கார்களுக்கென்று மணிக்கணக்கு காட்டும் அளவி உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டார்கள்.

நெடுநேரம் நின்றுவிட்டுத் திடீரென்று உச்ச வேகத்தில் பாய்வது அதைவிடக் கொடுமை. 2020 ஜனவரியில் பிரிட்டனின் எம்6 விரைவுச்சாலையில் அவசர அழைப்புக்கு விரைந்த பிஎம்டபிள்யூ போலிஸ் காரின் இன்ஜின் பழுதாகித் தீப்பிடித்தது. கட்டுப்பாட்டை இழந்த வண்டி மோதியதில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். அது என்57 என்ற டீசல் இன்ஜின். போலிஸார் வண்டியை ஓட்டும் குறிப்பிட்ட முறையோடு தொடர்புடைய கோளாறு இது என்பது பிஎம்டபிள்யூ தந்த விளக்கம். நிறுவனம் தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை என்று நீங்கள் நினைக்கலாம். பழைய வண்டி வாங்குகிறவர் அதை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும்: எப்படி ஓட்டினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே இன்ஜினுக்கு இரண்டு விதமான ஆயுள் உண்டு.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமே என்றால்

அமெரிக்க வண்டி முதலிலேயே அடிபட்டுவிடும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் சாதாரண காரை இங்கே பதிவு செய்ய முடியாது. பிரிட்டன் வண்டிக்கு ஸ்டியரிங் சரியான பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இறக்குமதி செய்யும் பழைய கார் மூன்று வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணமாக 10,000 வெள்ளி தனி. ரோந்து வண்டியை மூன்று ஆண்டுக்குள் பொதுவாகக் கழித்துவிடுவதில்லை. கழித்தார்கள் என்றால் அந்த வண்டிக்கு என்ன ஆனது என்றுதான் யோசிக்க வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டினாலும் வாகன உரிமைச் சான்றிதழ் (பத்தாண்டுக்குக் கார் வைத்திருக்கத் தரும் உரிமை), வரிகள், மாசுச் சோதனை என்று செலவு நீளும். மலிவு என்று தொடங்கிய கதை புதுக் கார் விலையில் முடியும்.

ஜோகூரில் மலிவாக ஒன்றை வாங்கி இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இங்கே தங்கி வேலை செய்பவர்களும் வெளிநாட்டுப் பதிவு வண்டியை இந்தச் சாலைகளில் வைத்து ஓட்டக்கூடாது. பிடிபட்டால் வண்டியே பறிபோகலாம்.

அப்படியானால் எந்த வண்டியை அப்படிப் பார்க்க வேண்டும்

தனியார் வாடகை வாகனமாக ஓடிய கார்களை. செயலி வழியாகப் பயணிகளை ஏற்றி இறக்கியவை, வாடகை நிறுவனத்தின் கையிலிருந்து வந்தவை, பாதுகாவல் நிறுவனத்தின் சுற்றுக்காவல் வண்டிகள், ஓட்டுநர் பயிற்சிக் கார்கள் இவையெல்லாம் போலிஸ் காரின் உறவுக்காரர்கள். குளிர்சாதனம் ஓடியபடி பயணிக்காக நின்றவை, பலர் கை மாறி ஓட்டியவை, கருவிகளைப் பொருத்திக் கழற்றியவை. ஒதுக்கித் தள்ள வேண்டியவை என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் வண்டிக்குப் பராமரிப்புப் பதிவு ஒழுங்காக இருக்கும். வாரம் ஒரு நாள் கோயிலுக்கு மட்டும் எடுத்த காரைவிட அதன் நிலைமை சில வேளைகளில் மேல். கேள்வி விலையில்தான். உழைத்த வண்டியை உழைத்த வண்டியின் விலைக்கு வாங்குங்கள். ‘ஒரே உரிமையாளர், நேர்த்தியான வண்டி’ என்ற விலைக்கு வாங்காதீர்கள். அந்த ஒரே உரிமையாளர் வாடகை நிறுவனமாக இருக்கலாம் என்பது விளம்பரத்தில் வராது.

பார்க்கப் போகும் நாளில்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் நல்லது. இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவது தெரிந்து முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் முதல் முடுக்கலில் கேட்கும் சத்தத்தை மறைக்கிறார்கள் என்று பொருள். ஆறவிட்டு மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சில மணி நேரம் கழித்து வாருங்கள்.

பிறகு கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுநர் பக்கம் குனிந்து, ஸ்டியரிங்கிற்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஆலையிலிருந்து வந்த கம்பிக் கற்றை, பளபளப்பில்லாத துணி நாடாவால் சீராகச் சுற்றப்பட்டிருக்கும். அதன் நடுவே பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் நாடா, ஒரு கம்பியைக் கடித்து இன்னொரு கம்பிக்கு மின்சாரம் எடுக்கும் சின்ன நீல நிறக் கவ்வி, எங்கும் போகாமல் அந்தரத்தில் தொங்கும் சிவப்புக் கம்பி இவற்றில் ஏதாவது தென்பட்டால், இந்த வண்டியில் எதையோ பொருத்திக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு கேமராவுக்கு ஒரு கம்பி என்றால் கவலையில்லை. மூன்று நான்கு கண்ணில் பட்டால் ‘என்ன இருந்தது, யார் கழற்றினார்’ என்று கேளுங்கள். ‘தெரியாது அண்ணே, வாங்கும்போதே அப்படித்தான்’ என்ற பதிலுக்கும் ஒரு விலை உண்டு. அதைப் பேரத்தில் கழியுங்கள்.

கண்ணாடியின் உள்பக்க மூலைகளைச் சாய்ந்து பாருங்கள். தனியார் வாடகை வாகனங்கள் முன்னும் பின்னும் ஒட்டிய வில்லையின் பசைத் தடம் சில சமயம் மிஞ்சியிருக்கும். வெளியே வண்ணப் படம் ஒட்டி உரித்திருந்தால், வெயில் பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் பூச்சின் நிறம் லேசாக மாறும். நேர் வெயிலைவிட மாலைச் சாய்வெயிலில் அது தெளிவாகத் தெரியும். பயிற்சிக் காரில் முன் பயணியின் காலடியில் கம்பளத்தைத் தூக்கினால், இரண்டாவது பிரேக் மிதி இருந்த துளைகள் தெரியலாம்.

எனக்குப் பிடித்த சோதனை பின் இடக் கதவு. இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் பயணி நடைபாதைப் பக்கம்தான் ஏறி இறங்குவார். குடும்பக் காரில் நான்கு கதவும் ஏறத்தாழ ஒரே மாதிரி மூடும். பயணிகளைச் சுமந்த காரில் பின் இடக் கதவின் கீல் தளர்ந்திருக்கும், ரப்பர் நசுங்கியிருக்கும், கைப்பிடிக் குழிக்குள் நகக் கீறல்கள் மற்றக் கதவுகளைவிட அதிகம் இருக்கும். ஓட்டுநர் இருக்கையின் வலப்புற விளிம்பையும் அதே கண்ணோடு பாருங்கள். கிலோமீட்டர் அளவியைத் திருத்தத் துணிகிறவர்கூடக் கதவுக் கீலை மாற்ற மெனக்கெடுவதில்லை.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. கடையின் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிவிட்டு ‘நன்றாக இருக்கிறதல்லவா’ என்பார்கள். காப்புறுதி உங்களையும் சேர்க்கிறதா என்று கேட்டுக்கொண்டு விரைவுச்சாலை வரை எடுத்துச் செல்லுங்கள். ஊபியிலிருந்து தீவு விரைவுச்சாலை எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அதைவிட முக்கியம், திரும்பி வந்து குளிர்சாதனத்தை முழு வேகத்தில் வைத்துப் பத்து நிமிடம் அப்படியே நிறுத்தி வைப்பது. வெப்பமானியின் முள் ஏறுகிறதா, இன்ஜின் நடுங்குகிறதா, குளிர்ச்சி குறைகிறதா? நின்றே தேய்ந்த வண்டி நிற்கும்போதுதான் தன் நோயைக் காட்டும்.

இவ்வளவும் நம் கண்ணுக்குத் தெரிவது மட்டும். பணம் கொடுப்பதற்கு முன் விக்கோம், எஸ்டிஏ போன்ற சோதனை நிலையத்தில் வாங்குமுன் மதிப்பீட்டுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனர் போட்டால் சில கார்களில் இன்ஜின் ஓடிய மொத்த மணி நேரத்தையும் பார்க்கலாம். கிடைத்தால் கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். 120,000 கிலோமீட்டருக்கு 6,000 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 20. நெரிசலிலும் நிறுத்தத்திலும் வாழ்ந்த வண்டி அது. சராசரி 40 என்றால் விரைவுச்சாலையில் ஓடியது. சோதனைக்கே விட மாட்டேன் என்கிற விற்பனையாளரிடம் விவாதம் செய்ய வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

காகிதமும் பணமும்

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் விற்பனையாளர் சிங்பாஸ் வழியாக நுழைந்து எடுத்த வாகன விவரத் தாளைக் கேளுங்கள். முதல் பதிவு நாள், எத்தனை முறை கைமாறியது, உரிமைச் சான்றிதழ் எந்த நாளில் முடிகிறது, வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது எல்லாம் அதில் உண்டு. படமெடுத்து அனுப்பிய பழைய தாள் போதாது. உங்கள் முன்னால் எடுக்கச் சொல்லுங்கள்.

ஊரில் பழைய கார் என்றால் வண்டிக்கு விலை. இங்கே மீதமிருக்கும் காலத்துக்குத்தான் விலை. 60,000 வெள்ளிக்கு ஒரு கார், இன்னும் நான்கு ஆண்டு பாக்கி, முடிவில் அரசிடமிருந்து திரும்பக் கிடைப்பது 8,000 வெள்ளி என்றால், ஆண்டுக்கு 13,000 வெள்ளி தேய்மானம். இரண்டு கார்களை ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். பத்தாண்டு முடிந்து சான்றிதழைப் புதுப்பித்த காரில், பதிவு வரியிலிருந்து திரும்பக் கிடைக்கும் கழிவு இருக்காது. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தால் மறுபடி நீட்டிக்கவும் முடியாது. பத்து வயதைத் தாண்டினால் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும். கட்டாயச் சோதனையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்பது மாறி ஆண்டுதோறும் ஆகிவிடும்.

கடன் வாங்குவோர் கவனிக்க: காரின் திறந்த சந்தை மதிப்பு (இறக்குமதியின்போது சுங்கத்துறை கணித்த, உள்ளூர் வரிகள் சேராத விலை) 20,000 வெள்ளிக்குள் என்றால் விலையில் 70 விழுக்காடு வரை, அதற்கு மேல் என்றால் 60 விழுக்காடு வரை, அதிகபட்சம் ஏழு ஆண்டு. இதைத் தாண்டித் தருகிறேன் என்கிற இடத்தில் ஏதோ ஒரு கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருந்தால் நிதானியுங்கள். குறையுள்ள பொருளுக்கு விற்ற கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது, பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் வண்டியின் வயதுக்கேற்ற சாதாரணத் தேய்மானம் அதில் சேராது. கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்ட குறையும் சேராது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் அந்தச் சட்டத்தின் காப்பு கிடையாது. முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்ப வரும் என்பதையும், ‘வாடகை வாகனமாக ஓடியதில்லை’ என்று வாயால் சொன்னதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

போலிஸ் காரைப் போல ஆக்க ஆசைப்படுபவர்களுக்கு

சிவப்பும் நீலமுமாகச் சுழலும் விளக்கு, சைரன் இரண்டையும் மறந்துவிடுங்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அரசு ஊழியராக ஆள்மாறாட்டம் செய்வது தண்டனைச் சட்டம் 170ஆம் பிரிவின்படி குற்றம். வண்டியில் போலிஸ் வண்ணம் பூசி யாரையாவது ஓரங்கட்ட வைத்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கண்ணாடிக்குக் கறுப்புப் படம் ஒட்டுவதற்கும் அளவு உண்டு: முன் கண்ணாடியும் முன் பக்கக் கண்ணாடிகளும் 70 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும், பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு. இன்ஜின், புகைப்போக்கி போன்றவற்றை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பழைய உரிமையாளர் செய்த மாற்றம் என்றாலும், பிடிபடும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் விபத்து இழப்பீட்டிலும் சிக்கல் வரும்.

போலிஸ் காரிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தவை வேறு: நல்ல பிரேக் பட்டை, குளிரூட்டும் அமைப்பின் பராமரிப்பு, தரமான பேட்டரி, முன்னும் பின்னும் கேமரா. இவற்றுக்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. உரிமை மாற்றத்தை இருவரும் சிங்பாஸ் மூலம் உறுதிசெய்து, காப்புறுதி உங்கள் பெயரில் தொடங்கிய பிறகு சாவியை வாங்குங்கள். முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், குளிரூட்டி நீர் மூன்றையும் மாற்றுங்கள். பழைய ரசீதில் மாற்றியதாக இருந்தாலும் சரி. அன்றைக்கே அந்தத் தொங்கும் சிவப்புக் கம்பியையும் வேரோடு எடுத்துவிடச் சொல்லுங்கள். வெட்டி நாடா சுற்றுவது போதாது. அது எந்த ஃபியூஸிலிருந்து வருகிறதோ அங்கிருந்தே கழற்ற வேண்டும்.